சிதம்பரனாரின் இருபத்து நான்கு ஆண்டுகள்

திருக்குறளின் பொருட்பாலில் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என்பன அவை. அறுபதாம் அதிகாரம் முதல் அறுபத்து மூன்றாம் அதிகாரம் வரை அமைந்த இவ்வைப்பு முறையை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். துன்பம் வந்துற்ற காலத்து மனம் கலங்காதிருத்தலை வள்ளுவர் முதலில் வைத்தாரல்லர், இறுதியிலேயே வைத்தார். உள்ளக் கிளர்ச்சியும், சோம்பலின்மையும், இடைவிடாத முயற்சியும் ஒருவனிடத்தில் பழக்கமாக ஊறியிருந்தாலன்றி, இடுக்கண் வந்த அன்று அழியாமை என்பது திடீரென வந்து கைகொடுக்காது என்பதே இம்முறையால் நாம் கொள்ளத்தக்க பொருள்.

இப்பொருளுக்கு நம் நாட்டு வரலாற்றிலிருந்து ஒரு வாழ்க்கையை எடுத்துக் காட்டுக என்று எவரேனும் கேட்பாராயின், நாம் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் வாழ்க்கையையே காட்டுவோம். 'கப்பலோட்டிய தமிழர்' என்றும், 'செக்கிழுத்த செம்மல்' என்றும் அப்பெரியாரை நாம் போற்றுகின்றோம். 1961-ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படத்தின் வாயிலாக, தமிழ்நாட்டைக் கண்டறியாத நம் காலனிக் குழந்தைகளுக்குங்கூட அவர் பெயர் தெரியும். ஆயினும் ஒன்று சொல்லுவோம். கப்பலோட்டியதும் செக்கிழுத்ததும் 1906-ஆம் ஆண்டிற்கும் 1912-ஆம் ஆண்டிற்கும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளுள் அடங்கிவிடுகின்றன. அதன் பிறகு அவர் ஏறக்குறைய இருபத்து நான்கு ஆண்டுகள் இவ்வுலகில் வாழ்ந்தார். அவ்வாண்டுகளுக்கு நாம் ஒரு பட்டப்பெயரும் சூட்டவில்லை. அவற்றைப் பற்றி மேடைகளில் பேசுவாரும் மிகச் சிலரே. இடுக்கண் அழியாமையின் உண்மையான இலக்கணத்தை அறிய விரும்புவோர் அந்த ஆண்டுகளையே கற்றல் வேண்டும் என்பது எம் கருத்து.

நாவாய்ச் சங்கம்

கதையின் முற்பகுதியைச் சுருக்கமாகக் கூறி மேற்செல்வோம். சிதம்பரனார் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். வக்கீல் தேர்வில் தேறித் தம் ஊரிலும், பின்னர்த் தூத்துக்குடியிலும் தொழில் நடத்திப் பேரும் பொருளும் ஈட்டினார். அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நடைபெற்ற கப்பல் போக்குவரத்து, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி என்னும் வெள்ளையர் கம்பெனியின் கையில் இருந்தது. அந்தத் தனியாட்சியை எதிர்த்து, 1906-ஆம் ஆண்டு அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பெற்றது. பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்கள் ஒருவரே 8,000 பங்குகளை ஏற்று இரண்டு இலட்சம் ரூபாய் உதவினார்.

இச்சங்கத்திற்குத் தலைவராக அமர்ந்தவர் யார் என்பதைத் தமிழ்ச் சங்கத்தினராகிய நாம் மறத்தலாகாது. 1901-ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரே அவர். ஏடுகளைக் காக்க ஒரு சங்கம் கண்டவர், கடலில் நாவாய் செலுத்தவும் ஒரு சங்கத்திற்குத் தலைமை பூண்டார். தமிழும் தொழிலும் வெவ்வேறு என்று அப்பெரியோர் எண்ணினாரல்லர்.

முதலில் வாடகைக்கு அமர்த்திய கப்பல்கள், போட்டிக் கம்பெனியாரின் நெருக்குதலால் கைவிட்டுப் போயின. சொந்தக் கப்பல் வேண்டும் என்று உறுதி கொண்டு சிதம்பரனார் பம்பாய்க்குச் சென்றார். 1907-ஆம் ஆண்டில் 'காலியா', 'லாவோ' என்னும் இரண்டு கப்பல்கள் தூத்துக்குடித் துறையை அடைந்தன. வெள்ளைக் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தனர். இறுதியில் இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும், ஏறுவோர்க்குக் குடையும் இனாமாகத் தருவதாகவும் கூறிப் பார்த்தனர் என்பர். அவ்வாசைகளை ஒதுக்கிவிட்டுக் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள் பெரும் செல்வர்களல்லர். நம்மைப் போன்று பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்று வந்த எளிய தமிழ் மக்களே.

ஒரே ஆண்டில் எல்லாம் போயிற்று

1908-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். தொழிலாளர் பக்கம் வெற்றி கிட்டிற்று. அதன் விலை விரைவிலேயே கேட்கப்பட்டது. மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள் இருவரும் கைது செய்யப்பெற்றனர். மறுநாள் திருநெல்வேலி நகரம் கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்புக் கூறினார். அரசுக்கு எதிராகப் பேசியதற்காக ஓர் ஆயுள் தண்டனை. சிவாவுக்குத் துணை நின்றதற்காக மற்றோர் ஆயுள் தண்டனை. அப்போது சிதம்பரனாருக்கு வயது முப்பத்தைந்து.

மேல் முறையீட்டில் உயர்நீதிமன்றம் இத்தண்டனையை ஆறு ஆண்டுகளாகக் குறைத்தது உண்மையே. ஆனால் தீர்ப்பின் அடி சிறைவாயிலோடு நின்றுவிடவில்லை. அவருடைய இளவல் மீனாட்சிசுந்தரம் அச்செய்தியைக் கேட்டுச் சித்தம் கலங்கினார். அக்கலக்கம் பின்பும் தெளியவில்லை. மனைவியார் மீனாட்சி அம்மையார் சிறு குழந்தைகளோடு தனித்து நின்றார். வக்கீல் உரிமை பறிபோயிற்று. அவர் சிறையிலிருந்த காலத்திலேயே, 1911-ஆம் ஆண்டில் நாவாய்ச் சங்கம் கலைக்கப்பெற்றது. எந்தக் கடலில் நம் கப்பல் ஓடவேண்டும் என்று தம் செல்வத்தையும் சுகத்தையும் துறந்தாரோ, அந்தக் கடலில் அக்கப்பல் இல்லை என்ற செய்தி சிறைக்குள் அவரை எட்டிற்று. ஒரு மனிதனுக்கு எந்தெந்தப் பற்றுக்கோடுகள் உண்டோ அவை அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன.

செக்கும் ஏடும்

கோயமுத்தூர்ச் சிறையில் அவருக்கு முதலில் சணல் கிழிக்கும் வேலை தரப்பட்டது. இயந்திரத்தைச் சுற்றிக் கைகள் தோலுரிந்து குருதி கசிந்தன. பின்பு செக்கிழுக்கும் வேலை. மாடு இழுக்கவேண்டிய செக்கைச் சட்டம் கற்ற மனிதர் இழுத்தார். சென்னைக் கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் அச்செக்கு வைக்கப்பெற்றுள்ளது. விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் தம் மக்களை அழைத்துச் சென்று காட்டுவது நலம்.

செக்கு உடலை வருத்தியது. உள்ளத்திற்கு அவர் தாமே வேறொரு வேலையைத் தேடிக்கொண்டார். இதுவே நாம் குறிப்பாகக் காணவேண்டிய இடம். சிறையில் கிடைத்த ஓய்வுப் பொழுதில் ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூல்களைத் தமிழாக்கத் தொடங்கினார். ஆலன் 1864-இல் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்து, பள்ளியை விட்டு வேலைக்குச் சென்று குடும்பத்தைத் தாங்கியவர். மனிதன் தன் எண்ணத்தாலேயே தன் வாழ்வை ஆக்கிக்கொள்கிறான் என்பது அவருடைய கொள்கை. அதனை மெத்தையிலமர்ந்து படிப்பது எளிது. கை காய்த்து, கால் சங்கிலியோடு படிப்பது எளிதன்று. சிதம்பரனார் படித்ததோடு நில்லாமல் தம் மொழியில் பெயர்த்தும் எழுதினார். 'மனம்போல வாழ்வு' என்ற அம்மொழிபெயர்ப்பு, அவர் சிறையிலிருந்தபோதே 1909-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தண்டனை பெற்ற மறு ஆண்டிலேயே ஒரு நூல் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1910-ஆம் ஆண்டின் இறுதியில் அவரைக் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினர். அங்கிருந்த காலத்தில் 'மெய்யறம்' என்னும் நூலை யாத்தார். அதிகாரத்திற்குப் பத்து அடிகளாக 125 அதிகாரங்கள் கொண்டது அது. மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணவியல், மெய்யியல் என்று ஐந்து பகுதிகளாக அதனை வகுத்தார். குறளின் அடிச்சுவட்டைப் பின்பற்றியது என்பது அதன் அமைப்பாலேயே விளங்கும். 'மெய்யறிவு' என்ற நூறு வெண்பாக்கள் கொண்ட நூலும் சிறையில் முளைத்ததே. தொல்காப்பியத்தையும் அவர் சிறைக்குள் பயின்றார். இலக்கணம் கற்பதற்கு எத்தகைய மன அமைதி வேண்டும் என்பதைப் பள்ளியில் நன்னூல் படித்தவர்கள் அறிவர். அந்த அமைதி அவருக்கு முன்னரே வாய்த்திருந்து, அதனால் அவர் படித்தார் என்று நாம் கருதவில்லை. நாள்தோறும் தவறாது படித்தமையால், எழுதினமையால், அமைதி சிறிது சிறிதாக அவரிடம் வந்து தங்கிற்று என்றே கருதுகின்றோம்.

துன்பக் காலத்தில் நம்மிற் பலர், "மனம் சரியாகட்டும், பிறகு வேலையைத் தொடங்குவோம்" என்று காத்திருக்கின்றோம். சிதம்பரனாரின் வழி வேறு. அவர் வேலையைத் தொடங்கினார். மனம் அதன் பின்னால் நடந்து வந்தது. வள்ளுவர் ஆள்வினையுடைமையை முன்னும் இடுக்கண் அழியாமையைப் பின்னும் வைத்த நயம் இங்கே விளங்குகின்றது.

விடுதலையும் வெறுமையும்

1912-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் சிறைக்கதவு திறந்தது. ஏறக்குறைய நாலேமுக்கால் ஆண்டுகளுக்கு முன்பு எவர் கைதானதற்காக ஒரு நகரமே எரிந்ததோ, அவரை எதிர்கொள்ளச் சிறைவாயிலில் ஒரு சிலரே நின்றனர். அவர்களுள் ஒருவர் சுப்பிரமணிய சிவா. சிறையிலேயே தொழுநோய்க்கு ஆளாகி, உருமாறி நின்றார் அந்த வீரர். நண்பரைக் கண்ட மகிழ்ச்சியும், நண்பரின் நிலையைக் கண்ட துயரமும் ஒரே கணத்தில் வந்தன.

மக்களைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. 1908-க்குப் பின் அடக்குமுறை கடுமையாக இருந்தது. 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-இல் கலெக்டர் ஆஷ் மணியாச்சியில் சுடப்பட்ட பின்னர் அச்சம் எங்கும் பரவியது. சிதம்பரனாரோடு பேசுவதே ஆபத்து என்று எண்ணிய காலம் அது. ஆயினும் அனுபவித்தவர்க்குக் காரணங்கள் ஆறுதல் தருவதில்லை. கூட்டத்தின் ஆரவாரத்தில் துணிந்து நிற்பது ஒரு வகை வீரம். கூட்டம் கலைந்து, ஆரவாரம் அடங்கி, அடுத்த வேளை அரிசிக்கு வழி தேடும்போது நிமிர்ந்து நிற்பது வேறொரு வகை. முன்னதற்கு ஒரு நாள் துணிவு போதும். பின்னதற்கு ஒவ்வொரு நாளும் புதிதாகத் துணிவு வேண்டும்.

சென்னையில் குடும்பத்தோடு குடியேறினார். சிந்தாதிரிப்பேட்டை, பெரம்பூர், மயிலாப்பூர் என்று வீடுகள் மாறின. வக்கீல் தொழிலுக்கு உரிமையில்லை. அரிசி வியாபாரம் செய்தார், மண்ணெண்ணெய் விற்றார். கப்பல் கம்பெனி நடத்தியவர் மண்ணெண்ணெய் அளந்து ஊற்றினார் என்பதைச் சிலர் இரக்கத்தோடு கூறுவர். நாம் அதனை இரக்கத்திற்குரியதாக மட்டும் காணவில்லை. நேற்றைய பெருமையைச் சொல்லிக்கொண்டு இன்றைய அடுப்பை அணையவிட்டவர்கள் பலரை உலகம் கண்டிருக்கிறது. சிதம்பரனார் நேற்றைய பெருமையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இன்றைக்குக் கிடைத்த தொழிலை இழிவென்று கருதாமல் மேற்கொண்டார். வியாபாரம் அவருக்குக் கைகூடவில்லை என்பது உண்மை. கடன் கொடுத்தவரிடம் கண்டிப்பாகக் கேட்டு வாங்கும் மனமும், வந்தவர்க்கு இல்லையென்று சொல்லும் மனமும் அவருக்கு அமையவில்லை. எனினும் முயற்சியை அவர் விட்டாரில்லை.

இந்த வறுமையின் நடுவிலேயே நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1914-இல் 'மெய்யறம்', அதே ஆண்டில் ஆலனின் மற்றொரு நூலான 'அகமே புறம்', 1915-இல் 'மெய்யறிவு', 'பாடற்றிரட்டு', 1916-இல் 'வலிமைக்கு மார்க்கம்', 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய பழைய உரை. இப்பட்டியலை நாம் இங்கே நிரப்புதற்காக எழுதவில்லை. அந்த ஆண்டுகளில் வீட்டு வாடகைக்கும் பால் கணக்குக்கும் என்ன செய்வது என்று தவித்த ஒரு குடும்பத்தலைவர், ஒவ்வோர் ஆண்டும் தமிழுக்கு ஒரு நூலை அளித்துக்கொண்டிருந்தார் என்பதைக் காட்டவே எழுதுகின்றோம். 'வலிமைக்கு மார்க்கம்' என்று பெயரிடும் தகுதி அவருக்கிருந்தது.

கடல் கடந்து வந்த உதவி

இதுவரை கூறியது ஒருவர் தம் உள்ளத்திலிருந்தே பெற்ற வலிமை. அது மட்டும் போதுமாயிருந்ததா? போதவில்லை என்பதையும் வரலாறு நமக்குக் காட்டுகின்றது. இப்பகுதியே வெளியூர் வாழ் தமிழராகிய நம் நெஞ்சைத் தொடவேண்டியது.

தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர்கள், சிதம்பரனாரின் குடும்பம் படும் துன்பத்தைக் கேள்வியுற்றுப் பொருளுதவி செய்து வந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் கரும்புத் தோட்டத்திற்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களும் அவர்தம் மக்களுமே. தம் உரிமைக்காகத் தாமே போராடிச் சிறை சென்ற மக்கள் அவர்கள். தூத்துக்குடியில் கப்பல் ஓட்டியவரை அவர்களிற் பலர் நேரில் கண்டிருக்கவும் மாட்டார்கள். ஆயினும் தம் கூலியில் ஒரு பகுதியை எடுத்து வைத்தனர். அவர்களுள் வேதியப் பிள்ளை என்னும் அன்பர் தொடர்ந்து உதவியவர்.

அங்குள்ளவர்கள் திரட்டிய ஒரு தொகை காந்தியடிகளிடம் ஒப்படைக்கப்பெற்றிருந்தது. 1915-ஆம் ஆண்டு ஏப்ரலில் காந்தியடிகள் சென்னைக்கு வந்திருந்தபோது சிதம்பரனார் அவரைக் காண விரும்பி எழுதினார். அத்தொகையைப் பற்றி அவ்விருவருக்குமிடையே 1915, 1916 ஆகிய ஆண்டுகளில் பல கடிதங்கள் சென்று வந்தன. தொகை கைக்கு வருவதற்குக் காலம் பிடித்தது. கடைசியில் வந்தது 347 ரூபாய் 12 அணா.

இக்கடிதப் போக்குவரத்தில் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. தமக்குப் பணம் தேவையில்லை என்று சிதம்பரனார் போலிப் பெருமை பேசவில்லை. குடும்பம் இருக்கும் நிலையை மறைக்கவில்லை. தமக்கென்று அன்பர்கள் கொடுத்ததைத் தமக்கு உரியதென்றே கேட்டார்; பணிவோடும், தாழ்ச்சியின்றியும் கேட்டார். தளராமை என்பது உதட்டைக் கடித்துக்கொண்டு எவரிடமும் வாய் திறவாதிருத்தல் என்று நம்மிற் பலர் தவறாக எண்ணுகின்றோம். காலனியில் அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பட்டினி கிடப்பதை மானம் என்று கருதும் வழக்கமும் நம்மிடம் உண்டு. பதினாயிரக்கணக்கான மக்கள் முன் முழங்கிய சிதம்பரனாருக்கு இல்லாத வறட்டு மானம் நமக்கு எதற்கு? வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில் உதவி கேட்பதும் வலிமையின் ஒரு கூறேயாகும்.

உதவியை அவர் எவ்வாறு நினைவில் வைத்தார் என்பது அதனினும் சிறப்புடையது. பொன்னாகவோ பொருளாகவோ திருப்பித் தர அவரிடம் ஒன்றுமில்லை. தம் மகள் ஒருத்திக்கு வேதவல்லி என்று பெயரிட்டார். அது வேதியப் பிள்ளையின் நினைவு. கோவைச் சிறையில் வாடியபோது துணை நின்றவர், பிற்காலத்தில் பெரியபுராணத்திற்கு உரை கண்ட சி. கே. சுப்பிரமணிய முதலியார், மகன் ஒருவனுக்குச் சுப்பிரமணியம் என்று பெயர் வைத்தார். இழந்த வக்கீல் உரிமை பின்னொரு நாள் திரும்பக் கிடைப்பதற்கு ஈ. எச். வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி காரணமாயிருந்தார். மற்றொரு மகன் வாலேஸ்வரன் ஆனான். எந்த ஆட்சி தம்மைச் செக்கிழுக்க வைத்ததோ, அந்த ஆட்சியைச் சேர்ந்த ஒருவர் நன்மை செய்தபோது அந்நன்றியை மறவாமல் தம் பிள்ளையின் பெயரிலேயே பதித்து வைத்தார். பகைமை அவருடைய உள்ளத்தை உண்ணவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. வெறுப்பைச் சுமப்பவனுக்கு நெடுவழி நடக்க இயலாது. சிதம்பரனாரின் சுமையில் அது ஒன்று குறைவு.

மீண்டும் நீதிமன்றம், மீண்டும் ஏடு

கோயமுத்தூரில் சில ஆண்டுகள் வாழ்ந்த பின், கோவிற்பட்டியில் வக்கீலாக அமர்ந்தார்; 1932-இல் தூத்துக்குடிக்கே திரும்பினார். இளமையில் வந்த வருவாயும் செல்வாக்கும் திரும்பவில்லை. இடைவெளி நீண்டுவிட்டது; வயதும் ஏறிவிட்டது. ஆனால் தமிழ்ப்பணி முன்னிலும் ஆழ்ந்தது. சிறையில் தொடங்கிய தொல்காப்பியப் பயிற்சி இப்போது கனிந்தது. இளம்பூரணர் உரையோடு எழுத்ததிகாரத்தை 1928-இல் பதிப்பித்தார். பொருளதிகார இளம்பூரணத்தைப் பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளையின் துணையோடு வெளிக்கொணர்ந்தார். சுவடிகளைத் தேடி, பாடங்களை ஒப்பிட்டு, எழுத்தெழுத்தாகத் திருத்தும் இப்பணியில் கைதட்டல் இல்லை, வருவாயும் இல்லை. 1934-இல் ஆலனின் 'சாந்திக்கு மார்க்கம்' வெளிவந்தது. 1935-இல் திருக்குறள் அறத்துப்பாலுக்குத் தாம் எழுதிய விருத்தியுரையை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று.

1908-ஆம் ஆண்டில் சிறைக்குள் செல்லும்போது மேற்கொண்ட பழக்கத்தை, உடல் தளர்ந்து, கடன் சூழ்ந்திருந்த முதுமையிலும் அவர் விடவில்லை என்பதை இவ்வாண்டுகள் காட்டுகின்றன. அவருடைய கப்பல் ஓடியது சில ஆண்டுகளே. அவருடைய எழுதுகோல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஓடியது.

1936-ஆம் ஆண்டில் நோய் முற்றியது. அவர் எழுதிய உயிலில் வீட்டு வாடகைப் பாக்கியும் கடைக் கடன்களும் ஒளிவின்றிக் குறிக்கப்பெற்றுள்ளன. தம் மக்கள் எவருக்கு என்ன தரவேண்டும் என்பதைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும் என்று விரும்பிய நேர்மை அது. தம்மைத் தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்திற்குக் கொண்டு செல்லுமாறு கேட்டுக்கொண்டு, நவம்பர் 18-ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். சுதந்திரத்தைக் காண அவருக்கு இன்னும் பதினோர் ஆண்டுகள் வேண்டியிருந்தன.

1972-ஆம் ஆண்டில், அவருடைய நூற்றாண்டின்போது, இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. 2011-ஆம் ஆண்டில் தூத்துக்குடித் துறைமுகத்திற்கு வ. உ. சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர் சூட்டப்பெற்றது. இவை நற்செயல்களே. ஆனால் மண்ணெண்ணெய்க் கடையில் நின்ற அந்த மனிதருக்கு இவை எட்டவில்லை; எட்டியது 347 ரூபாய் 12 அணா. பெயர் சூட்டுதல் நாட்டின் கடமை. அது தாமதமாகவும் நடக்கலாம். அடுப்பு எரிய உதவுதல் அன்பரின் கடமை. அது தாமதிக்க இயலாதது.

நம் சங்கமும் நம் கடமையும்

பிழைப்பைத் தேடி நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கு இன்னல்கள் புதியனவல்ல. ஆலை மூடப்படுகின்றது, அலுவலகம் ஆட்குறைப்புச் செய்கின்றது, பிள்ளைகளின் படிப்பு நடுவில் நிற்க மாற்றல் உத்தரவு வருகின்றது, குடும்பத்தலைவர் நோயில் விழுகின்றார். ஊரில் இருந்தால் மாமனும் சித்தப்பனும் வந்து நிற்பர். இங்கே அந்த இடத்தில் நிற்கவேண்டியது யார்?

துன்புறும் அன்பருக்கு நாம் சொல்லத்தக்கது இதுவே. பெரிய துணிவு ஒன்று எங்கிருந்தோ வந்து இறங்கும் என்று காத்திருக்க வேண்டா. நாள்தோறும் செய்யத்தக்க ஒரு நல்ல வேலையை, எத்துணைச் சிறியதாயினும், மேற்கொள்ளுங்கள். நான்கு பக்கம் படிப்பதாயினும், பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பதாயினும், கிடைத்த சிறு தொழிலை நாணாமல் செய்வதாயினும் ஆகுக. உள்ளம் அந்த வேலையைப் பற்றிக்கொண்டு எழுந்து நிற்கும். உதவி வேண்டுமாயின் கேளுங்கள். கேட்பதால் எவரும் சிறியராவதில்லை.

மற்றவர்க்கு நாம் சொல்லத்தக்கது இது. ஆண்டு விழாவும், நாடகமும், பட்டிமண்டபமும், பொங்கலும் நம் சங்கத்திற்கு அழகு. அவை வேண்டும். ஆயினும் சங்கம் என்ற சொல்லின் முழுப் பொருள் அவற்றால் நிறைவுறாது. பாண்டித்துரைத் தேவர் ஏட்டையும் காத்தார், நாவாயையும் தாங்கினார். தென்னாப்பிரிக்கத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் தாம் காணாத ஒரு குடும்பத்தின் பசியைத் தம் பசியாகக் கருதினர். நம் காலனியில் இவ்வாண்டு விழாவுக்கு வராதவர் யார், ஏன் வரவில்லை என்பதை அறிந்துகொள்ள நமக்குப் பத்து நிமிடம் போதும். வாசலில் போய் நிற்பதற்கும், கேட்டவர் நாணாதபடி கொடுப்பதற்கும் அதனினும் சிறிது கூடுதலாகும். நன்றியாக அவர்கள் தம் பிள்ளைக்கு நம் பெயரை வைக்கவேண்டுவதில்லை. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் தவறாமல் போனால் அதுவே போதும்.

சிதம்பரனாரின் திருவுருவப் படத்திற்கு மாலை சூட்டும்போது, கப்பலோடும் செக்கோடும் அந்த இருபத்து நான்கு ஆண்டுகளையும் நம் மக்களுக்குச் சொல்லுவோம். அத்தகைய ஆண்டுகள் நம் அன்பர் எவருக்கேனும் வருமாயின், அவரைத் தனியே நடக்க விடோம் என்று இவ்வாண்டு விழாவில் உறுதி பூணுவோமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!